எண் போட்ட புத்தகம்!

கருப்புத் தாள். அதன்மேல் ஒரு மரம். மரத்தின் கிளைகளோடு பாம்பும் பறவையும் பின்னிக் கிடக்கின்றன. விரலால் தடவினால் மை லேசாக மேடு தட்டுகிறது. மூக்கருகே கொண்டுபோனால் மை வாசம் அடிக்கிறது. புத்தகத்தில் ஓர் இடத்தில் எண் ஒன்று இருக்கிறது. அது எந்திரம் போட்ட எண் அல்ல. ஒருவர் பேனா பிடித்து எழுதியது. 'இத்தனை பிரதிகளில் இது இத்தனையாவது பிரதி' என்பது அதன் பொருள்.

புத்தகத்தின் பெயர் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. 'மரங்களின் இரவு வாழ்க்கை' என்று தமிழில் சொல்லலாம். 2006-ல் முதல் பதிப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் மொழியில் வாங்கினார்கள். ஜப்பானியரும் வாங்கினார்கள். இத்தாலியில் பொலோனா என்ற ஊரில் குழந்தைப் புத்தகங்களுக்கென்றே ஆண்டுதோறும் பெரிய சந்தை நடக்கும். அங்கே 2008-ல் இதற்குப் பரிசு கிடைத்தது.

இவ்வளவு பெருமை பெற்ற புத்தகம் பிறந்த இடம் எது? பாரிசா? டோக்கியோவா?

இல்லை. நம்முடைய சென்னைதான்! தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி தாண்டினால் வருகிற திருவான்மியூரில்தான் இதை வெளியிட்ட 'தாரா புக்ஸ்' பதிப்பகம் இருக்கிறது.

சிங்கம் கொண்டுவந்த அதிர்ஷ்டம்

1994-ல் கீதா வுல்ஃப் என்பவர் இந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். குழந்தைகளுக்கு நல்ல படப் புத்தகம் போடவேண்டும் என்பது எண்ணம். ஆரம்பத்தில் செய்த புத்தகங்களில் ஒன்று, பசியோடு அலையும் ஒரு சிங்கத்தின் கதை. இந்திரபிரமித் ராய் என்ற ஓவியர் படம் போட்டார். கையால் செய்த தாளில், 'ஸ்கிரீன் பிரிண்டிங்' முறையில் மாதிரிப் பிரதி தயாரானது.

அதை ஜெர்மனியில் நடக்கும் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். மாதிரியைக் கையில் எடுத்த கனடா நாட்டுப் பதிப்பாளர் கீழே வைக்கவில்லை. "இதேபோல் கையால் செய்து 8,000 பிரதி வேண்டும்" என்று ஆர்டர் கொடுத்துவிட்டார்!

எட்டாயிரம் பிரதி! ஒவ்வொரு தாளையும் கையால் அச்சடித்து, ஒவ்வொரு புத்தகத்தையும் கையால் தைக்கவேண்டும். அதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், பழகவேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் ஆறுமுகம் என்ற அச்சுத் தொழிலாளி. அவர் நடத்தும் பட்டறைக்கு 'ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ்' என்று பெயர். சிங்கப் புத்தகம் முடிந்தது. அடுத்த புத்தகம் வந்தது. அன்று முதல் தாராவின் கைவேலைப் புத்தகங்கள் எல்லாம் அந்தப் பட்டறையில் செய்தவைதான்.

கல்யாணப் பத்திரிகை அடித்த தொழில்

ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைப் பை, துணி பேனர் எல்லாம் இதில்தான் அடித்தார்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் சின்னச் சின்ன அறைகளில் இந்தத் தொழிலை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் பல. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பிளெக்ஸ் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் பேனர் வந்து விழுகிறது. கைத்தொழிலுக்கு வேலை சுருங்கிவிட்டது.

அதே தொழில்தான் உலகம் வியக்கும் புத்தகமாகவும் ஆகியிருக்கிறது. எப்படி அச்சடிக்கிறார்கள்?

ஒரு மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகிப்போகும் ஒரு மருந்தைப் பூசுகிறார்கள். படத்தின் பிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகுகிறது. பிலிமின் கருப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடுகிறது. ஆக, படம் இருக்கும் இடத்தில் மட்டும் வலையின் கண்கள் திறந்திருக்கும்.

சட்டத்தைத் தாளின்மேல் இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே சீராக இழுக்கிறார்கள். திறந்த கண்கள் வழியாக மை தாளில் இறங்குகிறது. ஒரு நிறம் ஆயிற்று! தாளை அடுக்குத் தட்டில் காயப்போடவேண்டும். காய்ந்தபின் அடுத்த நிறத்துக்கு வேறு சட்டம். முதல் நிறம் விழுந்த இடத்திலேயே இரண்டாவது நிறம் விழவேண்டும். ஒரு நூலளவு தள்ளிப்போனாலும் மரத்தின் இலை காம்பை விட்டு விலகி நிற்கும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பக்கப் புத்தகம். தாளின் ஒரு புறத்தில் 4 பக்கம் என்றால், 5 தாள். இரு புறமும் சேர்த்து 10 புறம். 3 நிறம் என்றால் ஒரு புத்தகத்துக்கு 30 இழுப்பு. 2,000 பிரதி போட்டால் 60,000 முறை ஒருவர் கை ரப்பர் பட்டையை இழுக்கவேண்டும்! அதன்பின் மடிப்பு, அடுக்கு, ஊசி நூல் கொண்டு தையல், அட்டை ஒட்டுதல். எல்லாம் முடிந்த பிறகுதான் எண்.

தாளும் மரத்தை வெட்டிச் செய்த தாள் அல்ல. பஞ்சு, துணிக் கழிவுகளை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்வது. அதனால்தான் கனமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறது.

கையால் இழுக்கும்போது ஒவ்வொரு பிரதியிலும் ஒரு மயிரிழை வித்தியாசம் வரும். ஒன்றில் மை சற்று அழுத்தம். ஒன்றில் சற்று மெலிவு. எந்திர அச்சில் இதற்குக் குறை என்று பெயர். இங்கே அதைத் தேடித்தான் வாங்குகிறார்கள்!

இரவுக் காவலாளி வரைந்த மரம்

புத்தகத்தில் உள்ள மரங்களை வரைந்தவர்கள் யார்? மத்தியப் பிரதேசத்தின் கோண்டு இனத்தைச் சேர்ந்த மூன்று ஓவியர்கள்: பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி.

கோண்டு மக்களுக்கு மரம் வெறும் மரமல்ல. பகலெல்லாம் நிழலும் பழமும் கொடுத்து எல்லோருக்கும் உழைக்கிறது. இரவில்தான் அதற்கு ஓய்வு, அப்போதுதான் அதன் உண்மை உருவம் வெளிப்படுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் கருப்புத் தாள்!

இவர்களில் பஜ்ஜு ஷியாமின் கதை சினிமாக் கதைபோல இருக்கும். பட்டன்கர் என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடிப் போபால் நகரம் போனார். இரவுக் காவலாளியாக வேலை பார்த்தார். கோண்டு ஓவியத்தை உலகுக்குக் காட்டிய ஜன்கர் சிங் ஷியாம் அவருக்குச் சிற்றப்பா முறை. அவரிடம் உதவியாளாகச் சேர்ந்து தூரிகை பிடித்தார். பிறகு லண்டனில் ஓர் இந்திய உணவு விடுதியின் சுவரில் படம் வரைய அழைப்பு வந்தது. முதல் விமானப் பயணம்! லண்டனில் கண்டதையெல்லாம் காட்டு மிருகங்களாக வரைந்தார். அங்கே ஓடும் பஸ் அவர் கண்ணுக்கு நாயாகத் தெரிந்தது. சொன்ன இடத்துக்கு விசுவாசமாகக் கொண்டுபோய் விடுகிறதல்லவா! அந்தப் படங்களும் 2004-ல் தாரா வெளியிட்ட புத்தகமாயின.

காவலாளிக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. துர்கா பாய்க்கு 2022-ல் அதே விருது கிடைத்தது.

எண் எதற்கு?

புத்தகத்துக்கு எண் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகவேண்டும்.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்று ஒருவர் இருந்தார். கவிஞர். சுவர்த்தாள், திரைச்சீலைக்கு அழகழகாகக் கோலம் வரைந்தவர். பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுள்ளவர். நீராவி எந்திரத்தில் அவசர அவசரமாக அடித்துத் தள்ளிய புத்தகங்களைப் பார்த்து அவருக்கு வெறுப்பு வந்தது. 1891-ல் தமக்கென்று ஓர் அச்சுக்கூடம் வைத்தார். 'கெம்ஸ்காட் அச்சகம்' என்பது அதன் பெயர். எழுத்து, தாள், மை எல்லாம் அவர் சொன்னபடி. அச்சடிப்பது கையால்.

1896-ல் பழம்பெரும் ஆங்கிலக் கவி சாசரின் நூலை அச்சடித்தார். 87 படங்கள். தாளில் 425 பிரதி. பதப்படுத்திய தோலில் 13 பிரதி. அவ்வளவுதான். ஒரு பிரதி 20 பவுன்! அந்தக் காலத்தில் கூலிக்காரர் பல மாதம் உழைத்தாலும் சேர்க்கமுடியாத தொகை. ஏழைக்கும் அழகு வேண்டும் என்று மேடையில் பேசிய மாரிஸ், ஏழை தொடமுடியாத புத்தகம் போட்டார். இந்த முரண் அவர் மனதையும் உறுத்தியது என்பார்கள். புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில் அவர் காலமானார்.

அவரைப் பார்த்துப் பலர் சொந்த அச்சுக்கூடம் வைத்தார்கள். 'இத்தனைதான் அடித்தோம், இதற்குமேல் இல்லை' என்று எண் போட்டார்கள். ஆசிரியரும் ஓவியரும் கையெழுத்துப் போட்டார்கள். அவற்றைத் தேடிச் சேர்க்க ஒரு கூட்டம் கிளம்பியது.

அந்த வெறியில் ஒருவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். காப்டன் சாண்டர்சன் என்ற அச்சகக்காரர் தம் கூட்டாளியோடு சண்டை போட்டுக்கொண்டார். தம்முடைய அழகிய அச்செழுத்துகள் அவர் கைக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தார். வயது 76! இரவுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துபோய், பாலத்தின் மேலிருந்து தேம்ஸ் ஆற்றில் கொட்டினார். 1916-17-ல் ஒரு டன்னுக்கு மேற்பட்ட ஈயம் ஆற்றோடு போயிற்று. 2014-ல் முக்குளிப்போர் இறங்கித் தேடினார்கள். சுமார் 150 எழுத்துதான் கிடைத்தது. புத்தக ஆசை நல்லதுதான்; இந்த அளவுக்குப் போனால் அது வேறு நோய்!

மாரிசின் எந்திரமும் ஒரு தமிழரும்

இந்தக் கதையில் ஒரு தமிழர் வருகிறார். பலருக்கும் தெரியாத செய்தி இது.

ஆனந்த குமாரசாமி. 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை இலங்கைத் தமிழர் சர் முத்து குமாரசாமி. தாய் ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தந்தை இறந்துவிட்டார். தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்தார். படித்தது மண்ணியல். இலங்கையில் கனிவளம் ஆராயும் பெரிய உத்தியோகம் கிடைத்தது.

கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கண்ணில் வேறொன்று பட்டது. தச்சர், கன்னார், நெசவாளர், ஓவியர் இவர்களின் பரம்பரைத் தொழில் அழிந்துகொண்டிருந்தது. கப்பலில் வந்து இறங்கிய மலிவுச் சாமான் அவர்கள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. குமாரசாமி மண்ணியலை விட்டார். அந்தக் கைவினைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தார்.

எழுதியதை எங்கே அச்சடிப்பது? கைத்தொழிலைப் பற்றிய புத்தகம் கையால்தான் அச்சாகவேண்டும் என்று நினைத்தார். மாரிஸ் மறைந்தபின் அவருடைய அச்சு எந்திரம் 'எசெக்ஸ் ஹவுஸ்' என்ற அச்சகத்துக்குப் போயிருந்தது. அந்த அச்சகத்தைக் குமாரசாமி தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பிராட் கேம்டன் என்ற சிற்றூரில், தம் வீட்டிலேயே அதை நிறுத்தினார். சாசர் நூலை அச்சடித்த அதே எந்திரத்தில், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை அச்சடித்தார். 1907 செப்டம்பரில் ஆரம்பித்த வேலை 1908 டிசம்பரில்தான் முடிந்தது. எத்தனை பிரதி தெரியுமா? அதே 425!

பிறகு அவர் அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1947-ல் அங்கேயே மறைந்தார். நடராஜர் திருவுருவத்தின் பெருமையை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர் என்று அவரை அறிவோம். அச்சுக்கூடம் நடத்தியவர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பல்லாவரத்து அச்சுக்கூடம்

இங்கிலாந்துவரை போவானேன்? தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே சொந்த அச்சுக்கூடம் வைத்திருந்தார் மறைமலை அடிகள். கிறிஸ்துவக் கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டு, 1911-ல் பல்லாவரம் வந்து குடியேறியவர். (அந்தக் கல்லூரியே பிறகு 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது!) தம் நூல்களைத் தம் மேற்பார்வையில் அங்கேயே அச்சிட்டார். படமும் அலங்காரமும் அவருக்கு முக்கியமல்ல. பிழையில்லாத தமிழ்தான் முக்கியம். அவர் சேர்த்த சுமார் 4,000 புத்தகங்கள் அவர் விருப்பப்படி பொதுமக்களுக்கே போய்ச் சேர்ந்தன. 1958-ல் அவர் பெயரில் நூல்நிலையம் ஆனது.

இன்னொருவர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். கையில் கிடைத்த காசையெல்லாம் பழைய தமிழ்ப் புத்தகத்தில் போட்டார். நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட விடவில்லை. 1992-ல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படி சேர்ந்திருந்தது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு எடுத்துப்போகாமல், இங்கேயே 1994-ல் நூலகமாக்க வழி செய்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது. திருவான்மியூருக்குப் போகும் வழிதான்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு

எண் போட்ட புத்தகம் மலிவானதல்ல. சாதாரணக் கதைப் புத்தகத்தைவிடப் பல மடங்கு விலை. தாராவின் கைவேலைப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு குறைதான். டோக்கியோவில் இதைக் கண்காட்சியாக வைத்துப் பார்க்கிறார்கள்; தாம்பரத்தில் பல வீடுகளுக்குப் பெயரே தெரியாது.

ஆனால் மாரிசுக்கும் திருவான்மியூருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே 425-ஓடு கதவைச் சாத்துவதில்லை. ஒரு பதிப்பு விற்றுத் தீர்ந்தால் மறுபடி அச்சடிக்கிறார்கள். பட்டறையில் உள்ளவர்களுக்கு மறுபடி வேலை கிடைக்கிறது. கைவேலை அல்லாத, குறைந்த விலைப் புத்தகங்களும் போடுகிறார்கள். எண்ணைக் காட்டி விலையை ஏற்றும் வியாபாரத்தைவிட இது மேல்.

'37/500' என்று இருந்தால், 500 பிரதியில் 37-ஆவது என்று அர்த்தம். சிறிய எண்ணுக்குத்தான் மதிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். செப்புத் தகட்டில் கீறி அடிக்கும் படத்துக்கு அது ஓரளவு சரி. தகடு தேயத் தேயக் கோடு மங்கும். ஸ்கிரீன் அச்சில் முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் அப்படிப் பெரிய வேற்றுமை இல்லை. எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

கையெழுத்து உள்ள பிரதி என்று சொன்னால், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சடித்த கையெழுத்து. பேனா அழுத்திய தடமும், மை கூடிக் குறைந்த கோடும் தெரிந்தால் நிஜம்.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்பு ஈரம் தாளுக்கு எதிரி. சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வெயில் நேராகப் படவேண்டாம். கிழிந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் மஞ்சள் கறை விழும். இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் தவறு. மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்துத் திறக்கவேண்டும். பூச்சி, கரையான் அப்போதுதான் கண்ணில் படும். கை கழுவிவிட்டு வந்தால், குழந்தைகளே பக்கம் புரட்டலாம். அவர்களுக்காகத்தானே போட்ட புத்தகம்!

'மரங்களின் இரவு வாழ்க்கை'யில் இன்னொரு வேடிக்கை உண்டு. மறுபதிப்பு வரும்போது அட்டைப் படத்தையும் மாற்றிவிடுகிறார்கள். முன்பு வாங்கியவர் வீட்டில் ஒரு மரம். இப்போது வாங்குபவர் வீட்டில் வேறொரு மரம். இந்தப் புத்தகத்தைச் சேர்ப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் எண்ணைக் கேட்கிறார்களோ இல்லையோ, "உங்கள் அட்டையில் என்ன மரம்?" என்று கேட்பார்கள்.